மூலக்கொத்தளத்துப் பேரேடுகள்

கொருக்குப்பேட்டையை அடுத்த மூலக்கொத்தளம் இடுகாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939-இல் உயிரிழந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்களால் அறியப்படுகிறதே தவிர, அங்கே உறங்கும் உழைப்பாளர்களின் குடும்ப வரலாற்றுக்கு ஆதாரமாக அதை எவரும் கருதுவதில்லை. ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் வெளியான சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும், லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் திருச்சபை அடக்கப் பதிவுகளும் பெரும்பாலும் ஐரோப்பியரைப் பற்றியே பேசுகின்றன. கல் நாட்ட வசதியற்றவருக்கு எஞ்சுவது இடுகாட்டுப் பேரேட்டின் ஒரு வரிதான்.

குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழரிடையே தலைமுறைகளை இணைப்பது தந்தை பெயரே என்பதால், அவ்வரியில் அதுவும் தெருப்பெயரும் வயதும் இருந்தால், வெறும் முன்னெழுத்தாகச் சுருங்கிவிட்ட முப்பாட்டனாரின் முழுப்பெயரையே மீட்கலாம். (வயது என்னவோ பல வேளைகளில் உத்தேசக் கணக்குதான்.) இறப்பைத் தெரிவிக்கும் கடமையை 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இடுகாட்டுப் பொறுப்பாளருக்கும் விதித்திருப்பதால், அதற்குப் பிந்திய வரிகளைப் பதிவாளர் ஏட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும். அதற்கு முந்திய பேரேடுகளில் எஞ்சியவற்றை மாநகராட்சி முதலில் மின்னுருவாக்கி, தெருவாரியாகத் தேட வழிசெய்ய வேண்டும்.