ஒட்டுக்கு ஒரு கத்தி, கவாத்துக்கு ஒரு கத்தி!

உழவுக்குக் கலப்பை, சமன் செய்யப் பரம்புப் பலகை, களைக்குக் களைக்கொத்து என்று வேலைக்கு ஒரு கருவி வைத்திருப்பவர் நம் விவசாயி. கத்தி என்று வந்துவிட்டால் மட்டும் ஒன்றே போதும் என்று இருந்துவிடுகிறார். காலையில் உரச் சாக்கின் தையலை அறுத்த கத்தி, மதியம் வெங்காயம் நறுக்குகிறது. மாலையில் மாங்கன்றுக்கு ஒட்டும் கட்டுகிறது. ஒட்டுப் பிடிக்காமல் போனால் குச்சி சரியில்லை, பருவம் சரியில்லை, கை ராசியில்லை என்று பேசிக் கொள்கிறோம். கத்தியின் மேல் மட்டும் பழி விழுவதே இல்லை.

கோவில்பதாகை, ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் இந்த விஷயம் முன்னைவிட இப்போது முக்கியம். 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டது. ஏரிப் பாசனத்தில் ஏக்கர் கணக்காக நெல் விளைந்த இடங்கள் மனைகளாகிவிட்டன. மிஞ்சியிருப்பது சென்ட் கணக்கில் பூந்தோட்டம், வீட்டுக் கொல்லையில் நாலு மாமரம், மாடித் தோட்டம், சாலையோர நர்சரி ஆகியவைதாம். நூறு கன்றில் இருபது போனால் தாங்கும் பெரிய தோட்டம் வேறு. நாலே கன்று வைத்திருப்பவரின் நிலை வேறு. அரைகுறையாகக் கூடிய ஒட்டு முதல் வருடம் பச்சையாகத்தான் நிற்கும். மூன்று, நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு ஒரு காற்றில் ஒட்டு முறிந்து விழும்போதுதான் விஷயம் புரியும்.

ஒரே கம்பெனி, பல கத்திகள்

வேலைக்கு ஒரு கத்தி என்பதற்கு நல்ல உதாரணம் சுவிட்சர்லாந்து நாட்டின் விக்டோரினாக்ஸ் கம்பெனி. கார்ல் எல்சனர் என்பவர் 1884-ல் ஸ்விஸ் மாநிலத்தில் உள்ள ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய கத்திப் பட்டறைதான் இது. 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்குப் போர்வீரர் கத்தி செய்து கொடுத்தார். 1897-ல் அதிகாரிகளுக்கான பல அலகுக் கத்தியைப் பதிவு செய்தார். தாயார் விக்டோரியா 1909-ல் காலமான பின் அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது, அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல் அதோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட அந்த மடக்குக் கத்தியைப் பலர் பார்த்திருப்பார்கள். உலகத்து வேலையெல்லாம் ஒரே கத்தியில் அடங்கிவிட்டது என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். ஆனால் அதைச் செய்யும் கம்பெனியே அப்படி நினைக்கவில்லை. தோட்டக்காரர்களுக்கென்று மொட்டுக் கத்தி, ஒட்டுக் கத்தி, கவாத்துக் கத்தி, பூக்கத்தி என்று தனித்தனியாகச் செய்து விற்கிறது. பல அலகுக் கத்தியால் புகழ் பெற்றவரே ஒட்டுக்கு வேறு கத்தி வேண்டும் என்கிறார் என்றால், நாம் கவனிக்க வேண்டாமா? நான் இவற்றில் பலவற்றை உபயோகித்திருக்கிறேன். எது எதற்கு ஏற்றது, எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

சட்டைப் பைக்கு

சணல், சாக்கு, சொட்டுநீர்க் குழாய், விதைப் பொட்டலம் போன்ற அன்றாட வேலைக்குச் சட்டைப்பைக் கத்தி போதும். இதில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள 'ஸ்பார்ட்டன்' பிரபலமானது. ஆனால் அதன் முதுகில் இருக்கும் சுருள் கம்பி பாட்டில் தக்கை பிடுங்குவதற்கானது. இறுகிய கயிற்று முடிச்சை நெகிழ்த்தலாமே தவிர, நமக்கு அதனால் அதிகப் பயனில்லை. அதே அளவில் உள்ள 'டிங்கர்' என்ற கத்தியில் சுருள் கம்பிக்குப் பதில் நட்சத்திரத் திருப்புளி இருக்கிறது. பம்புசெட் ஸ்விட்ச் பெட்டியிலும் தெளிப்பானிலும் உள்ள திருகுகளுக்கு அது உதவும். என் ஓட்டு டிங்கருக்கே.

பெயரிலேயே விவசாயியை வைத்துக் கொண்டிருப்பது 'ஃபார்மர்'. 93 மில்லிமீட்டர் நீளம், அலுமினியப் பிடி. பெரிய அலகு, மர ரம்பம், துளையிடும் ஊசி ஆகியவை உண்டு. ரம்பம் கைவிரல் தடிமனுள்ள கிளையைச் சிராய் இல்லாமல் அறுக்கும். சாக்கிலும் தோல் வாரிலும் துளை போட ஊசி நல்லது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இதன் பிடி உலோகம். இதில் மின்கம்பியின் உறை உரிக்கும் பள்ளமும் இருக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்காமல் மோட்டார் லைனில் இதைக் கொண்டு போகவே கூடாது.

இந்த இரண்டு கத்திகளிலும் விரித்த அலகை நிறுத்தும் பூட்டு இல்லை. வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. குத்தினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தினாலோ விரலின் மேல் மடங்கிவிடும். மண் பட்ட கத்தி கையைக் கிழித்தால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போய், டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேட்டுக் கொள்வது அவசியம்.

ஒட்டுக் கத்தி: காசு போட வேண்டிய இடம்

மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளரும் படலம் ஒன்று உண்டு. காம்பியம் என்று சொல்வோம். வேர்ச்செடியின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் இடைவெளி இல்லாமல் தொட்டுக் கொண்டால்தான் ஒட்டுச் சேரும். மாவில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும்போது குச்சியின் அடியை ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஆப்பு போலச் சீவுகிறோம். ஒரே இழுப்பில், கண்ணாடி போலச் சமமாகச் சீவினால் இரண்டும் ஒட்டி உட்காரும். மழுங்கிய கத்தியால் நாலு தடவை சீவினால் மேடும் பள்ளமுமாகி, நசுங்கிய திசு கறுத்து, அங்கே பூசணம் ஏறும்.

நல்ல ஒட்டுக் கத்தியின் அலகு நேரானது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டு, மறுபக்கம் தட்டையாக இருக்கும். வெட்டு சமமாக விழுவது அதனால்தான். வலக்கைக்காரருக்கான கத்தி இடக்கைக்காரருக்கு உதவாது. கேட்டு வாங்க வேண்டும். ரோஜாவுக்கு மொட்டுக் கட்டுவோர் மொட்டுக் கத்தியை வாங்கலாம். வெட்டிய பட்டையை நெம்பித் தூக்க மொண்ணையான நாக்கு ஒன்று அதில் இருக்கும். அலகின் நுனியாலேயே நெம்பினால் உள்ளிருக்கும் படலம் கிழிந்துபோகும்.

ஒட்டுக் கத்தியால் ஒட்டுத் தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது. தாம்புக் கயிறு இல்லை, பாலித்தீன் பை இல்லை, மாம்பழம்கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைப்பது உசிதம்.

கவாத்துக்கும் பூவுக்கும்

கவாத்துக் கத்தியின் அலகு கிளி மூக்குப் போல வளைந்திருக்கும். கிளையை வளைவில் மாட்டித் தன் பக்கம் இழுத்தால் நழுவாமல் அறுபடும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்வது பரிந்துரை. மெல்லிய குச்சிகளுக்கு இந்தக் கத்தி நல்லது. முற்றிய தண்டுகளுக்குக் கவாத்துக் கத்தரியே சிலாக்கியம். பூக்கத்தி என்பது சிறிய நேர் அலகு, இலேசான பிளாஸ்டிக் பிடி. ரோஜா, ஜெர்பரா காம்புகளைச் சாய்வாக நசுங்காமல் வெட்ட உதவும். காம்பு நசுங்கினால் தண்ணீர் ஏறாது. பூ சந்தைக்குப் போவதற்குள் தலை சாயும்.

நம் பட்டறையை மறக்கலாமா?

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாக் கத்தியையும் சீமையிலிருந்து வரவழைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கம்பெனி செய்ததை நம் கொல்லர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார். நெல் அறுக்கக் கருக்கரிவாள், பனையில் பாளை சீவப் பாளை அரிவாள், விறகுக்கு வெட்டரிவாள், வேலி கழிக்கக் கொடுவாள் என்று ஒரே உலையிலிருந்து எத்தனை உருவங்கள்! அரிவாளுக்கென்றே பெயர் பெற்ற திருப்பாச்சேத்தி நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. கவாத்துக் கத்தியின் வளைவைத் தாளில் வரைந்து கொடுத்தால் நல்ல கொல்லர் அடித்துக் கொடுப்பார். பிடி போனால் மாற்றித் தருவார். முனை மழுங்கினால் மறுபடி உலையில் வைத்துத் தட்டித் தருவார். அந்த வசதி கம்பெனிச் சரக்கில் கிடையாது.

ஆகவே என் கருத்து இதுதான். மெல்லிய அலகும் சமமான தீட்டலும் உயிர்நாடியான ஒட்டுக் கத்திக்கும் மொட்டுக் கத்திக்கும் தாராளமாகச் செலவழியுங்கள். மற்றவற்றைப் பட்டறையில் செய்து கொள்ளுங்கள். சட்டைப்பைக் கத்தி அவரவர் ஆசையைப் பொறுத்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கத்தி வாங்கி வரச் சொன்னால், விமானத்தில் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சிவப்புப் பிடியும் சிலுவைக் குறியுமாக நடைபாதையில் மலிவாக விற்கும் போலிகள் வேண்டாம். அசலில் அலகின் அடியில் கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்.

கத்தி சுமக்கும் நோய்

தனிக் கத்தி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய் என்று ஒன்று இருக்கிறது. நோயுள்ள கரும்பின் சாறு பட்ட கத்தியால் அடுத்த கரும்பில் கரணை வெட்டினால் அதற்கும் தொற்றிவிடும். தக்காளி, மிளகாயில் வரும் தேமல் நோய் வகைகளில் சில, கை வழியாகவும் கருவி வழியாகவும் பரவும். வாழையில் வாடல் நோய்க் கிருமி, மண் ஒட்டிய மண்வெட்டியிலும் கத்தியிலும் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் பயணம் செய்யும். எல்லா நோயும் கத்தியால் வருவதில்லை. வாழை முடிக்கொத்து நோயை அசுவினிதான் பரப்புகிறது. ஆனால் அசுவினிக்கு மருந்தடிக்கும் நாம், கத்தியைத் துடைப்பதில்லையே!

2020-ல் கொரோனா வந்த பிறகு சானிடைசர் பாட்டில் இல்லாத வீடு இல்லை. 70 சதவீத ஆல்கஹால் உள்ள அதையே துணியில் நனைத்து, ஒவ்வொரு செடிக்கும் இடையே அலகைத் துடைக்கலாம். அருகே நெருப்பு வேண்டாம். ப்ளீச்சிங் கரைசலில் முக்கினால் கிருமி போகும், ஆனால் எஃகு அரிக்கும். உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தேமல் வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் மடியாது. எனவே தக்காளி, மிளகாய்ச் செடியில் கை வைக்குமுன் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பீடி, புகையிலை உபயோகிப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கக் கூடியது.

தீட்டுவதும் பராமரிப்பும்

எவ்வளவு விலை கொடுத்த கத்தியும் தீட்டாவிட்டால் தகரம்தான். விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியின் எஃகு சற்று மிருதுவானது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லிலேயே சுலபமாகக் கூர் ஏறும். ஒட்டுக் கத்தியை மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். நைஸ் எண்ணெய்க் கல்லில், சரிவான பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்க வைத்து, பிசிறு போக ஓரிரு முறை இழுத்தால் போதும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை தேய்த்துவிடுங்கள். ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் அறுபட வேண்டும், அதுதான் பரீட்சை.

மாம்பாலும் வாழைக் கறையும் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். மடக்கும் மூட்டில் மண் சேர்ந்தால் வெந்நீரில் அலசி, உலர்த்தி, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். பட்டறைக் கத்தி துருப்பிடிக்கும் எஃகு. மழைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

பயிற்சி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ஒட்டுக்கட்டும் பயிற்சியில் வேர்ச்செடி வயது, குச்சித் தேர்வு, பாலித்தீன் கட்டு எல்லாம் விளக்கமாகச் சொல்கிறோம். ஒரே கத்தியை இருபது பேர் கைமாற்றி வெட்டிப் பார்க்கிறார்கள். கத்தி தீட்டுவதைச் சொல்லித் தருவதே இல்லை. முதல் நாள் காலை முழுவதும் கல்லும் கத்தியுமாக உட்கார வைத்தால், மீதிப் பாடம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்தினர் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குப் போகும்போது, "கத்தி தீட்டக் கற்றுத் தாருங்கள்" என்று கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

அடுத்த முறை நர்சரியில் ஒட்டுக் கன்று வாங்கப் போகும்போது, விலை கேட்குமுன் ஒட்டுக் கட்டுபவரின் கத்தியைப் பாருங்கள். அது பளபளவென்று தனி உறையில் இருந்தால் கன்றை நம்பி வாங்கலாம்.