நத்தார்ச் செலவும் நமது நாட்சம்பளமும்



டிசம்பர் பிறந்துவிட்டது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று கரையோரப் பாதை முழுவதும் கடைகளில் நட்சத்திரக் கூடு தொங்குகிறது. ஒலிபெருக்கியில் நத்தார்ப் பாட்டும் மலிவு விற்பனை அறிவிப்பும் மாறிமாறிக் கேட்கின்றன. இன்னொரு பக்கம், நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் தெதுரு ஓயா பெருகி வீட்டுக்குள் விட்டுப்போன சேற்றை நம்மில் பலர் இன்னும் கழுவி முடிக்கவில்லை. பாயும் இல்லை, பிள்ளையின் கொப்பியும் இல்லை. ஆனாலும் பண்டிகை வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் இந்த வருட நத்தார்ச் செலவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சிக்கனம் போதிக்க நாங்கள் இதை எழுதவில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் செலவு செய்யத் தெரியாது, கையில் காசு வந்தால் கரைத்துவிடுவான் என்று சொல்கிறவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். துரைமார் சொல்கிறார்கள், கடன் கொடுக்கிறவர் சொல்கிறார், சில வேளை மேடையில் ஏறுகிற நம்முடைய ஆட்களே சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டிப் போய், விடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது வீண்செலவு அல்ல. அந்தத் தட்டு வேதக்காரர் வீட்டிலிருந்து சைவக்காரர் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகிறது. தைப்பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அது நிரம்பித் திரும்பி வருகிறது. இதை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நாங்கள் கேட்பது, அந்தத் தட்டுக்கு யார் யாருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதைத்தான்.

தேங்காயிலிருந்தே தொடங்குவோம். புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்ததைத்தான் தென்னை முக்கோணம் என்கிறார்கள். அந்த முக்கோணத்தில் மரத்தடியில் வாழ்கிறவர்கள் நாம். வருடத்தில் ஆறு பறிப்பு. பறிக்கிறதும் நாம், பொறுக்கிக் குவிக்கிறதும் நாம், உரிக்கிறதும் நாம், துருவல் ஆலையில் ஓடு நீக்கித் தோல் சீவுகிறது நம் பெண்கள். ஆனால் தொதல் கிண்ட வேண்டுமென்றால் கடைக்குத்தான் போகவேண்டும். விழுந்த காயைத் தூக்கினாலும் களவு. 2024 டிசம்பரில் சில்லறைக் கடையில் ஒரு தேங்காய் 200 ரூபா அளவுக்கு ஏறியது மறந்திருக்காது. சதொசவில் 130 ரூபாவுக்கு, ஆளுக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுத்தார்கள். தேங்காய் உரிக்கிறவர் தேங்காய்க்கு வரிசையில் நின்றார். விலை ஏறியது என்பதற்காக எந்தத் தோட்டத்திலும் நாட்சம்பளம் தானாக ஏறவில்லை.

சாராயமும் அப்படித்தான். இந்தக் கரையோரத் தென்னையில் சீவிய கள்ளுதான் வடிசாலைக்குப் போய், போத்தலில் அடைபட்டு, வரியும் இலாபமும் ஏற்றிக்கொண்டு நத்தாருக்கு நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. ஆண்களுக்கு இது பிடிக்காது என்று தெரிந்தும் எழுதுகிறோம். பலகாரக் கணக்கையும் சட்டைக் கணக்கையும் பெண்கள் சதம் சதமாகப் பார்க்க, போத்தல் கணக்கு மட்டும் ஒரு கொப்பியிலும் ஏறுவதில்லை. அதையும் எழுதுங்கள்.

இனிச் சம்பளம். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் முதல் மாதத்துக்கு 27,000 ரூபா, நாளுக்கு 1,080 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவும் 1,200 ரூபாவும் ஆகிறது. இதற்குக் கீழே எந்தத் தோட்டமும் கொடுக்க முடியாது. கொடுக்கிற தோட்டம் இருந்தால் அது சட்டமீறல், கிளைக்கு உடனே அறிவியுங்கள். 1,080 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கையில் நிற்பது 993 ரூபா 60 சதம். ஒரு நாள் வெயிலும் மழையும் சேர்ந்த உழைப்பின் விலை அது. கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் விலையை ரூபாவில் பார்க்காமல் நாளில் பாருங்கள். இது எத்தனை நாள் பேர்? இந்தக் கேள்வியை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்துப் பார்த்தோம். அப்பா வாங்கித் தருவதாகச் சொன்ன விளையாட்டுக் காருக்கு எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்த பிள்ளை, பெரிய கார் வேண்டாம், சின்னது போதும் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு எங்களுக்குச் சந்தோஷம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாத புத்தி அது.

நத்தாருக்கு நாம் செலவழிப்பது டிசம்பர்ச் சம்பளத்தை அல்ல. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கொடுபட வேண்டும் என்பது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். ஆக, கையில் இருப்பது நவம்பர்ச் சம்பளம். நவம்பர் நம் பக்கத்தில் மழை மாதம், பேர் குறைந்த மாதம். இந்த வருடம் புயலும் வெள்ளமும் சேர்ந்துகொண்டன. வருடத்தின் மிகப் பெரிய செலவு, மிக மெலிந்த சம்பளத்தின் தலையில் விழுகிறது. கடன் அங்கேதான் பிறக்கிறது, ஆடம்பரத்தில் அல்ல.

அந்த இடைவெளி எங்கே என்று கடன்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தவணைக்குத் தருகிற கடை டிசம்பரில்தான் முன்பணம் வேண்டாம் என்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் காசு கொடுத்தால் 60,000 ரூபா விலையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி. தவணையில் மாதம் 5,000, பதினைந்து மாதம். மொத்தம் 75,000. மேலதிகம் 15,000. கையில் கிடைக்கிற 993 ரூபா 60 சதத்தால் பிரித்தால் பதினைந்து நாள். ஒரு பெட்டியை நத்தாருக்கே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகப் பதினைந்து நாள் சும்மா உழைக்கிறோம். கடைக்காரர் இதை உங்களிடம் சொல்லமாட்டார். மாதம் 5,000தானே என்பார். எப்போதும் மொத்தத்தைக் கேளுங்கள், அதைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

கிழமைக் கடன் இதைவிடக் கொடியது. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவரைப் பிணை நிறுத்திக் கொடுக்கிற கடன். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கவேண்டும். கடன்காரர் செய்யவேண்டிய வேலையைப் பக்கத்து வீட்டு அக்காவையே வைத்துச் செய்விக்கிறார்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யவும், ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு போடவும் நேர்ந்தது. 35 வீதம் என்பதே ஒரு நிவாரணமாக இருந்ததென்றால் அதற்கு முன் என்ன வாங்கினார்கள் என்று யோசியுங்கள். அதன் பிறகும் 2021இல் ஹிங்குராங்கொடையில் பெண்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. நத்தார்ச் சட்டைக்காக அந்தக் குழுவில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கனவே வைத்திருந்தால் மறைக்காதீர்கள், கிளைக்கு வாருங்கள். வெட்கப்படவேண்டியது கடன் வாங்கியவர் அல்ல.

அடகும் இந்த வருடம் ஆபத்தாக இருக்கிறது. பவுண் மூன்று லட்சம் தாண்டிவிட்டது. அதனால் ஒரு தோட்டுக்கு முன்பைவிடக் கூடுதல் காசு கிடைக்கிறது, வாங்கவும் மனம் வருகிறது. ஆனால் மூழ்கிப் போனால் அதே தோட்டை இந்தச் சம்பளத்தில் இந்தப் பிறவியில் திரும்ப வாங்க முடியாது. அம்மா போட்டுவிட்ட தோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

வெள்ள நிவாரணம் பற்றி ஒரு வார்த்தை. வீடு துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா உங்கள் கைக்கு வரும்போது, பழைய கணக்கு இருக்கிறதே என்று கடையில் பிடித்துக்கொள்ளக் கேட்கலாம். கொடுக்கவேண்டியதில்லை. அது பாய்க்கும் பானைக்கும் சுவருக்கும் வந்த காசு. இன்னும் கிடைக்காதவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். லயத்தில் இருக்கிறோம், வீடு சொந்தமில்லை என்ற காரணத்துக்காக எவரையாவது விட்டிருந்தால் அதை எழுத்தில் எடுங்கள்.

வென்னப்புவ பக்கத்தைச் சின்ன இத்தாலி என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை செய்கிறார்கள், நத்தாருக்கு வருகிறார்கள், யூரோவை மாற்றிச் செலவழிக்கிறார்கள். அவர்கள் மீது நமக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர்களும் அங்கே வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து உழைத்த காசுதான். ஆனால் அந்தக் காசுக்கு ஏற்றபடி சந்தையில் விலை ஏறுகிறது. அதே மீன், அதே சட்டை, அதே கேக். நம் பிள்ளை அதே கடைக் கண்ணாடியைத்தான் பார்க்கிறது. இருபதாம் திகதிக்குப் பிறகு கரையோரச் சந்தைக்குப் போவதே நமக்கு நட்டம். போகவேண்டியதை முன்னதாகப் போய் முடித்துவிடுங்கள்.

கடையில் நமக்கு உரிமை உண்டு. விலைப்பட்டியல் தெரியும்படி தொங்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு சதமும் வாங்கக் கூடாது. உச்ச விலைக்கு மேல் விற்ற தனியாளுக்கு 2021 திருத்தச் சட்டப்படி குறைந்தது ஒரு லட்சம் ரூபா தண்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. பண்டிகைக் காலத்தில் பழைய மாவையும் திகதி முடிந்த மாஜரினையும் மூலையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவருவார்கள், திகதியைப் பாருங்கள். கடன் கொப்பிக்கு வாங்குகிற வீட்டுக்கு வாய் திறக்கப் பயம் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகக் கைக்காசு கொடுக்கிறவர் கேட்கலாம். கிளைச் செயலாளர் கேட்கலாம்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாம் வைக்கிற கோரிக்கை எளிமையானது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் என்பது நெடுங்கால வழக்கம். தொகைக்காக வருடாவருடம் சண்டை நடக்கும், ஆனால் முற்பணம் உண்டு. அரச பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கும் வட்டியில்லாப் பண்டிகை முற்பணம் உண்டு, மாதாமாதம் கழிப்பார்கள். தென்னந்தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் துரையின் மனநிலையைப் பார்த்துக் கிடைக்கவேண்டும்? பதினைந்தாம் திகதிக்கு முன், வட்டியில்லாமல், பத்து மாதத்தில் கழியும்படி, எழுத்தில் வேண்டும். நத்தாருக்கு வேண்டாம் என்கிறவர் பொங்கலுக்கோ பெருநாளுக்கோ எடுத்துக்கொள்ளட்டும். அத்தோடு வீட்டுக்குப் பத்துத் தேங்காய். பறித்தவருக்குப் பத்துத் தேங்காய் கொடுத்து எந்தத் தோட்டமும் நொடித்துப் போகாது.

ஜனவரியை மறந்துவிட்டுச் செலவழிக்க முடியாது என்பதை ஆசிரியர்களாகவும் சொல்லவேண்டும். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. தைக்கிற கூலி, சப்பாத்து, கொப்பி, பை நம் தலையில். வெள்ளத்தில் போனதையும் சேர்த்தால் இந்த வருடம் இரட்டிப்பு. ஒளி விழாவுக்குத் தனியாக வெள்ளைச் சட்டை தைக்கவேண்டாம், பள்ளிச் சீருடையே போதும் என்று எங்கள் பாடசாலையில் முடிவெடுத்திருக்கிறோம். ஒரு நாளைக்குப் போட்டுப் பெட்டியில் வைக்கிற உடுப்புக்கு இரண்டு நாள் பேர் கொடுக்க வேண்டியதில்லை. மற்றப் பாடசாலைகளிலும் பெற்றோர் கேட்டால் நடக்கும்.

அடுத்த நத்தாருக்கு ஜனவரியிலேயே சீட்டுத் தொடங்குகிறோம். கிழமைக்கு 300 ரூபா, 48 கிழமை, கையில் 14,400 ரூபா. வட்டி கொடுக்கவும் இல்லை, எவர் வாசலிலும் நிற்கவும் இல்லை. காசு எவர் வீட்டிலும் இருக்காது, மூன்று பேர் கையெழுத்தில் வங்கியில் இருக்கும், அதில் இருவர் பெண்கள். இந்த வருடத்துக்கு அது உதவாது என்பதால் அரிசி, மா, சீனி, பருப்பு நான்கையும் குடும்பங்கள் சேர்ந்து மொத்த விலைக்கு மூட்டையாக எடுக்கிறோம். டிசம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளை அலுவலகத்தில் பெயர் பதிகிறோம். வரும்போது கடைக் கடன் கொப்பியையும், தவணைக் கடதாசி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், மொத்தம் எவ்வளவு என்று சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். மூட்டைக்குரிய காசு அன்றைக்கே வேண்டியதில்லை, சம்பளம் கொடுபடாத தோட்டத்தார் கொடுபட்டதும் தரலாம். சாக்குப் பை மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.