முகவர் எழுதும் கணக்கு

என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர், ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் கையேடு எழுதும் பணியில் இருக்கிறார். அண்மையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் சந்தித்தபோது, "சார், நான் எழுதுவதை இப்போது மனிதர்கள் படிப்பதில்லை" என்றார். ஒரு மென்பொருளில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதைப் பதிந்துவைக்கும் 'லாக்' கருவிக்கு அவர் விளக்கம் எழுதுகிறார். அதைப் படித்துக் கருவியைக் கையாளப்போவது செயற்கை நுண்ணறிவு முகவர்.

கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்பதில்லை இந்த முகவர். கோப்பைத் திறக்கும், நிரல் எழுதும், கட்டளையிடும், அழிக்கவும் செய்யும். கையேட்டில் ஒரு வரி புரியாவிட்டால் மனிதர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார். முகவரோ பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு மேலே செல்லும். நேரத்தை இந்திய நேரப்படி பதிவதா, உலகப் பொது நேரப்படியா என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நடந்த பரிமாற்றம் மார்ச் 31 இரவு 8.30 என்று பதிவாகிவிடும். கணக்கில் அது வேறு நிதியாண்டு.

2025 ஜூலையில் அமெரிக்காவின் ரெப்லிட் தளத்தில் நிகழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். எதையும் மாற்றக் கூடாது என்று பயனாளர் அறிவுறுத்தியிருந்தும், முகவர் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே அழித்தது. மீட்க இயலாது என்றும் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. நடந்ததைப் பற்றி முகவர் சொல்லும் வாக்குமூலத்தை மட்டும் நம்ப இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பொருளாதாரத்தில் 'முகவர்' பழைய சொல். வேலையை ஒப்படைத்தவரால் முகவரின் உழைப்பை நேரில் காண முடியாதபோது, எந்தத் தடயத்தைக் கொண்டு அவரை மதிப்பிடுவது என்பதை பெங்ட் ஹோம்ஸ்ட்ராம் 1979-இல் ஆராய்ந்தார். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக 2016-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வகுப்பில் இதற்கு நான் வாரத்துக்கு நிலம் உழுபவரையே உதாரணம் காட்டுவேன். விளைச்சலில் பங்கு என்றால் அவர் ஊக்கத்தோடு உழுவார். ஆனால், இந்தப் புதிய முகவருக்குப் பங்கும் இல்லை, கூலியும் இல்லை, வேலை போய்விடுமே என்ற அச்சமும் இல்லை. ஊக்கத்தொகை என்ற பாதி விழுந்துவிட, கண்காணிப்பு என்ற பாதிதான் நம் கையில் மிஞ்சுகிறது. அந்தப் பதிவையும் முகவரே எழுதுகிறது என்பதுதான் சங்கடம்.

நம் சட்டங்கள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிய வேண்டும். அந்த வசதியை நிறுத்திவைக்க இயலாதபடியும் இருக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் இட்ட ஆணை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், அதிக ஆபத்துள்ள செயற்கை நுண்ணறிவு அமைப்புகள் நிகழ்வுகளைத் தானாகவே பதியும் வகையில் அமைய வேண்டும் என்கிறது.

பதிவு இருந்தால் மட்டும் போதுமா? 2023 ஜூன் 2-இல் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. பிரதான பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. கம்பிகளுக்கு இட்டிருந்த பெயர்ச்சீட்டுகள் ஆண்டுக்கணக்கில் தவறாக இருந்ததை எவரும் கண்டறியவில்லை என்று விசாரணை கூறியது. தவறான பெயர்ச்சீட்டும் ஒருவகைக் கையேடுதான்.

மாணவி கேட்டார்: "முகவர் பதிவை அழிக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதிவிட்டால் போதாதா?" போதாது என்றேன். ரெப்லிட்டிலும் அப்படியொரு சொல் இருக்கத்தான் செய்தது. கையேட்டில் எழுதுவது வேண்டுகோள். அழிக்கும் அதிகாரத்தையே தராமல் இருப்பதுதான் தடை. சேர்க்கலாம், அழிக்க இயலாது என்று கருவியே அமைந்திருக்க வேண்டும். பதிவேடு முகவரின் கைக்கு எட்டாத வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். நாளை கடன் விண்ணப்பத்தையோ முதியோர் ஓய்வூதிய மனுவையோ ஒரு முகவர் தள்ளுபடி செய்தால், ஏன் என்று கேட்கும் மனுதாரருக்குக் காட்ட வேறு எதுவும் இருக்கப்போவதில்லை.

ஒவ்வொரு பதிவிலும் 'யார் சொல்லி' என்றொரு கட்டம் வேண்டும் என்றும் சொன்னேன். கருவியில் அதற்கு இடமே வைக்கவில்லையாம். அடுத்த பதிப்புக்குக் கேட்டுப்பார்ப்பதாகச் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு வண்டியில் ஏறினார்.