இலை தழை எங்கே சார்?

1836-ல் லண்டன் சர்ரே தியேட்டரில் தாமஸ் ரைஸ் என்ற அமெரிக்க வெள்ளைக்கார நடிகர், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஆடினார். கறுப்பின அடிமை வேஷமாம். பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டை இசைக்குறிப்போடு தாளில் அச்சடித்து விற்றார்கள். நம்ம ஊர் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் மாதிரிதான். ஆனால் இது பியானோ வைத்திருக்கிற வீடுகளுக்கு. அட்டையில் படம்: ஒட்டுப்போட்ட உடுப்பு, கிழிந்த ஷூ, இடுப்பில் கை, கோணல் உடம்பு. கறுப்பரை நேரில் பார்த்தே இராத குடும்பத்துக்கும் ‘கறுப்பன்னா இப்படித்தான்’ என்று கூடத்திலேயே பாடம் நடந்துவிட்டது.

அந்த வேடிக்கைப் பெயரே பிற்பாடு அமெரிக்காவில் சட்டங்களின் பெயரானது. ஜிம் க்ரோ சட்டங்கள். தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய். 1960-கள் வரைக்கும்!

‘வெள்ளைக்காரன் புத்தியே அப்படி’ என்று உச்சுக்கொட்டுகிறவர்களே, நம்ம புத்தி? சேலத்தில் ஏற்காடு போகிற சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ், 1945-ல் ‘பர்மா ராணி’ என்று யுத்தப் பிரசாரப் படம் எடுத்தது. ஜப்பானிய அதிகாரியாக மேக்கப் போட்டுக்கொண்டவர் முதலாளி டி.ஆர்.சுந்தரமேதான். சரி, யுத்த காலம், எதிரி நாடு. விட்டுவிடுவோம்.

யாரோடும் யுத்தத்துக்குப் போகாத மலைவாசியை ஏன் இன்னும் விடமாட்டேன் என்கிறோம்? சினிமாவில் மலைவாசி வந்தால் உடம்பு முழுக்கக் கரி, இடுப்பில் தழை, தலையில் இறகு, வாயில் ‘ஹூ ஹா’ பாஷை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ‘ஆதிவாசி டான்ஸ்’ என்று ஐந்து வயசுக் குழந்தைக்கும் அதே சாயம். அம்மா அப்பா செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ‘சும்மா ஜாலிக்குத்தானே சார்!’ ரைஸும் ஜாலிக்குத்தான் ஆடினார்.

அந்தச் சாலையிலேயே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள். சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். (கேரளா இல்லை, மலையை ஆள்கிறவர்கள்.) பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. கட்டுவது வேட்டி, சேலை. விவசாயம், காபித் தோட்ட வேலை. இலை தழை எங்கே? குரோட்டன்ஸ் செடியில்தான் இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் எட்கர் தர்ஸ்டன் இங்கே வந்து இவர்களின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதிக்கொண்டு போனார். சுதந்திர இந்தியா மூக்கை விட்டுவிட்டது. 1965-ல் லோகூர் கமிட்டி, ஒரு சமூகம் பழங்குடிதானா என்று பார்க்க ஐந்து அடையாளம் சொன்னது. அதில் ஒன்று, வெளியாட்களோடு பழகக் கூச்சம்! 1994-ல் சுப்ரீம் கோர்ட், சாதிச் சான்றைச் சரிபார்க்கும்போது சாமி, சடங்கு, கல்யாண முறை, பிணத்தைப் புதைக்கிற விதம் எல்லாம் விசாரிக்கச் சொன்னது. படித்து, வேலைக்குப் போய், கூச்சமில்லாமல் பேசுகிற பையன் என்ன செய்வான்? அவனை விசாரிக்க உட்கார்கிறவரும் சின்ன வயசில் ‘ஆதிவாசி டான்ஸ்’ பார்த்து வளர்ந்தவர்தானே? மனசுக்குள் ஒரு அட்டைப்படம் இருக்கும். எதிரே இஸ்திரி போட்ட சட்டை. ‘பார்த்தா அப்படித் தெரியலையேப்பா!’

2011-லும் மறுபடி 2023-லும் அதே சுப்ரீம் கோர்ட், இந்தப் பழக்கவழக்கப் பரிசோதனை ஒன்றையே உரைகல்லாக வைக்காதே என்று சொல்லிவிட்டது. காலம் மாறினால், மற்றவரோடு பழகினால், பழங்குடியின் வழக்கமும் மாறும் என்று கோர்ட்டுக்கே புரிந்திருக்கிறது.

ஆண்டு விழா டீச்சர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை. மேடம், அடுத்த தடவை மலைவாசி வேஷம் போடுவதானால் செலவே இல்லை. பையன் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பேன்ட் சட்டையே போதும்.