கழிப்பறைச் சட்டத்துக்குள் கூலிப் பூட்டு

கழிப்பறையைப் பற்றி ஒரு தலையங்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மில்லில் ஷிப்ட் முழுவதும் நின்று வேலை செய்யும் தொழிலாளி அப்படிக் கேட்கமாட்டார். பொழுது விடிந்ததிலிருந்து வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணும் கேட்கமாட்டார். ஒதுங்க இடமில்லாத கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தை வைத்தே அரசியல் நடத்தி, அதன் மறைவில் தொழிலாளியின் கூலியிலும் கைவைக்க முடியும் என்பதை 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யம் காட்டியது. அந்த விவகாரத்தை நம் வாசகர்கள் முழுமையாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்க நகரங்களில் கடைகள், ஹோட்டல்கள், சர்க்கார் கட்டிடங்கள் முதலியவற்றில் ஒருவர் மட்டும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்ளும் கழிப்பறைகள் உண்டு. அவற்றின் கதவில் 'ஆண்' என்றோ 'பெண்' என்றோ எழுதியிருந்தார்கள். அதை மாற்றி, யாரும் உபயோகிக்கலாம் என்று எழுத வேண்டும் என்பதே பல நகரங்கள் கொண்டுவந்த விதி. வாஷிங்டன் நகரம் 2006-இல் இதை விதித்தது. சியாட்டில் 2015-இலும், நியூயார்க் 2016-இலும் இதே வழியில் சென்றன. கலிபோர்னியா 2017 மார்ச் 1 முதல் ராஜ்யம் முழுவதற்கும் இதைச் சட்டமாக அமல்படுத்தியது. சுவர் எழுப்ப வேண்டாம், குழாய் போட வேண்டாம். பலகையை மாற்றினால் போதும்.

இதனால் யாருக்கு நன்மை? சிறு மகனை அழைத்துவரும் தாய்க்கு நன்மை. நடக்க முடியாத தகப்பனாரைத் தாங்கிவரும் மகளுக்கு நன்மை. ஆண்கள் அறை காலியாகக் கிடக்க, பெண்கள் அறையின் முன் வரிசையில் காத்து நிற்கும் பெண்களுக்கு நன்மை. எல்லோரையும்விட, எந்தக் கதவைத் திறந்தாலும் ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சவேண்டிய திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் நன்மை. நஷ்டப்படுபவர் ஒருவரும் இல்லை.

வட கரோலினாவின் சார்லட் நகரசபை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. பொது இடங்களில் பாரபட்சம் கூடாது, திருநங்கைகளும் திருநம்பிகளும் தாங்கள் எந்தப் பாலினமாக வாழ்கிறார்களோ அந்தக் கழிப்பறைக்குச் செல்லலாம் என்று 2016 பிப்ரவரி 22-இல் 7-க்கு 4 என்ற வாக்கில் தீர்மானித்தது. ராஜ்ய சட்டசபை சீறி எழுந்தது. மார்ச் 23-இல் விசேஷக் கூட்டம் கூட்டி, ஒரே நாளில் மசோதாவைக் கொண்டுவந்து, இரு சபைகளிலும் நிறைவேற்றி, அன்றிரவே கவர்னர் மக்ரோரியின் கையெழுத்தையும் வாங்கிவிட்டார்கள். செனட்டில் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தனர். சர்க்கார் கட்டிடங்களிலும் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் பொதுக் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்றது இரண்டாவது எண் மசோதா என்று பெயர்பெற்ற இந்தச் சட்டம்.

பத்திரிகைகளின் கொட்டை எழுத்துக்கள் இத்தோடு நின்றன. ஆனால் சட்டம் இத்தோடு நிற்கவில்லை! எந்த நகரசபையும் தனியார் முதலாளிகளுக்கு ராஜ்யத்தின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் கூலி விதிக்கக்கூடாது என்று ஒரு ஷரத்தை உள்ளே நுழைத்திருந்தார்கள். அப்பொழுது அந்தக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இல் நிர்ணயித்த தொகை. இனம், மதம், பால் ஆகிய காரணங்களால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ராஜ்ய கோர்ட்டில் வழக்குத் தொடுக்கும் வழியையும் அடைத்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே அந்த வழியை 2016 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள். கழிப்பறைக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் எல்லோரையும் கழிப்பறைக் கதவைப் பார்க்கச் செய்தார்கள்!

பெண்களின் பாதுகாப்புக்காகவே சட்டம் என்றார்கள். பெண்களின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பெண்ணிடம் அத்துமீறுவது சார்லட் தீர்மானத்திற்கு முன்பும் குற்றம், பின்பும் குற்றம். அந்தத் தீர்மானம் எந்தக் குற்றவாளிக்கும் விலக்குத் தரவில்லை. பெண்கள்மீது மெய்யான அக்கறை இருந்திருந்தால், குறைந்த கூலியில் உழலும் லட்சக்கணக்கான பெண்களின் கூலி உயர்வுக்கு அதே சட்டத்தில் பூட்டுப் போட்டிருப்பார்களா?

கதவில் பலகை மாட்டி உழைப்பாளிகளைப் பிரிப்பது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை தென் ராஜ்யங்களில் வெள்ளையருக்கு ஒரு கழிப்பறை, கறுப்பின மக்களுக்கு வேறொன்று. சார்லட்டுக்கு அருகிலுள்ள காஸ்டோனியாவில் 1929-இல் லோரே மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எல்லா மே விக்கின்ஸ் என்ற நூற்பாலைப் பெண் கறுப்பினத் தொழிலாளரையும் சங்கத்தில் சேர்க்கப் பாடுபட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 14-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிரித்து வைத்த தொழிலாளிகள் ஒன்று சேர்வதற்கு அவ்வளவு பயந்தார்கள்.

இரண்டாவது எண் சட்டம் நிலைத்ததா? இல்லை. ஜனங்கள் கிளர்ந்தார்கள். பேபால் கம்பெனி சார்லட்டில் 400 பேருக்கு வேலைதரும் திட்டத்தைக் கைவிட்டது. கூடைப்பந்துச் சங்கம் 2017-ஆம் ஆண்டுப் பெரும் பந்தயத்தை வேறு நகருக்கு மாற்றியது. 2016 நவம்பர் தேர்தலில் மக்ரோரி தோற்றார். 2017 மார்ச் 30-இல் சட்டம் ரத்தாயிற்று. ஆனால் ரத்துச் சட்டத்திலும் சூது இருந்தது. தனியார் வேலை நிலைமை பற்றியும் பொது இடங்கள் பற்றியும் நகரசபைகள் 2020 டிசம்பர் 1 வரை விதி செய்யக்கூடாது என்று தடுத்தார்கள். கம்பெனிகள் திருப்தியடைந்தன; கூலித் தொழிலாளி காத்திருந்தார். முதலாளிகளின் நல்லெண்ணத்தை நம்பிப் பெறும் உரிமை இவ்வளவுதான் வரும்.

நமக்கு இதில் பாடம் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 19-ஆம் பிரிவில் விதித்தது. திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் பொதுக் கழிப்பிட வசதி செய்யவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 15-இல் உத்தரவிட்டது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க நாம் அனுமதிக்கக்கூடாது. 'எல்லோருக்கும் பொது' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுப் பெண்களுக்குரிய கழிப்பிடத்தைக் கட்டாமல் தப்பிக்க முதலாளிக்கு வழிவிடக்கூடாது. பெண்களின் பெயரைச் சொல்லித் திருநங்கையைத் தெருவில் நிறுத்தவும் விடக்கூடாது. பெண்களுக்குத் தனி இடம் வேண்டும். தாழிட்டுக்கொள்ளும் தனி அறைகள் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும்.

தோழர்களே! ஒரு சிறு கூட்டத்தைக் காட்டி, இவர்களால் உங்களுக்கு ஆபத்து என்று ஆளுவோர் கூவும்போது, அவர்கள் கொண்டுவரும் மசோதாவைக் கடைசி ஷரத்து வரை படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். நம் கூலிக்கான பூட்டு அங்கேதான் இருக்கும்.