ஒரு பிட்சருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

பேஸ்பால் சீசன் நடுவே ஸ்டார்ட்டிங் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர், தேவைப்பட்டால் பெரும்பாலும் இரண்டு வழி. சொந்த மைனர் லீக் பையனை நம்பலாம்; இல்லாவிட்டால் அவனைக் கொடுத்து அனுபவசாலியை வாங்கலாம்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் வாங்கியது. 36 வயது டாயில் அலெக்ஸாண்டர் வந்தார். 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்குப் போனார். வந்தவர் 9 வெற்றி, தோல்வியே இல்லை. டொரான்டோவை 2 ஆட்ட வித்தியாசத்தில் முந்தி டிவிஷன் பட்டம். ஆனா பிளேஆஃபில் அவர் தொடங்கிய 2 ஆட்டமும் போச்சு. மினசோட்டாவிடம் டெட்ராய்ட் காலி. ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகளோடு 2015-ல் ஹால் ஆஃப் ஃபேமில்!

டெட்ராய்ட் ஏமாந்துவிட்டது என்று இன்றும் கேலி. அது நியாயமே இல்லை. அலெக்ஸாண்டர் வராமல் அந்தப் பட்டம் ஏது? அந்த சீசனில், டெட்ராய்டின் மைனர் லீக் அணிக்காக ஸ்மோல்ட்ஸின் கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி.