எந்தப் புஸ்தகம் வாங்கலாம்?

சர்வகலாசாலையில் உயிர்நூல் படிக்கச் சேரும் மாணாக்கருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம் ஏற்படுகிறது. ஜீவ அணுவைப் பற்றிய புஸ்தகங்கள் ஒவ்வொன்றும் அம்மிக்கல் போல் கனக்கின்றன. விலையும் கனத்துக்குக் குறைந்ததன்று. அட்டையிலுள்ள வர்ணப் படத்தில் மயங்கி ஒன்றை வாங்கிவிட்டால், வருஷம் முழுவதும் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

புஸ்தகம் எத்தனை விஷயங்களைச் சொல்லுகிறது என்பதை விட, அவ்விஷயங்களை மனிதர் எவ்வாறு அறிந்தனர் என்று சொல்லுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. மனித தேகத்தின் ஜீவ அணு ஒன்றில் சாதாரணமாக எத்தனை குரோமோஸோம்கள் இருக்கின்றன? 1923-ல் அமெரிக்க விஞ்ஞானி பெயின்டர் 48 என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப் புஸ்தகங்களும் அவ்வாறே அச்சிட்டன. மாணாக்கரும் அதையே உருப்போட்டு மார்க்கு வாங்கினார்கள். 1956-ல் ஸ்வீடனிலிருந்து ட்ஜியோ, லெவான் என்னும் இருவர் 46 தான் என்று வெளியிட்டனர். உப்புக் குறைந்த திரவத்தில் அணுக்களை உப்பச் செய்து, குரோமோஸோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கும்படி செய்து எண்ணினார்கள். மனிதன் மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. எண்ணை மட்டும் கற்றவனிடம் அன்றோடு ஒன்றும் மிஞ்சவில்லை. எண்ணிய முறையையும் கற்றவனுக்கோ, பிழை எங்கே புகுந்தது என்பது விளங்கியிருக்கும்.

கடையில் நின்றபடியே ஒரு பரீட்சை செய்யலாம். மைட்டோகாண்டிரியா பற்றிய அத்தியாயத்தைப் பிரியுங்கள். "ஜீவ அணுவின் சக்தி நிலையம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டால், புஸ்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகள் தேங்கி, அணைக்கட்டு நீர் போல் மறுபக்கம் பாயும்போது ஏ.டி.பி. உண்டாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-ல் கூறினார். பலர் நம்பவில்லை. 1966-ல் ஜாகன்டார்ஃப், உரிபே இருவரும் கீரையின் பச்சைத் துணுக்குகளை அமிலத்தில் ஊறவைத்துப் பின் காரத்தில் இட்டார்கள், இருட்டிலேயே ஏ.டி.பி. உண்டாயிற்று! மிட்செலுக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய வழக்கை விவரிக்கும் புஸ்தகமே உங்களுக்கு யோசிக்கக் கற்றுக் கொடுக்கும்.

இனி, பெயர்களைச் சொல்லுவோம். ஆல்பர்ட்ஸும் ஐந்து சகாக்களும் 1983-ல் வெளியிட்ட 'மாலிக்யூலர் பயாலஜி ஆஃப் தி செல்' ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. ஏழாம் பதிப்பு 2022-ல் வந்தது. ஆழ்ந்து படிப்போருக்கு அது பெரும் சொத்து. புதிதாகத் தொடங்குவோருக்குப் பெரும் சுமை. அவர்களுக்கு அக்கூட்டத்தாரே எழுதிய 'எஸென்ஷியல் செல் பயாலஜி' தகும். பரிசோதனைகளை விரும்புவோர், டார்னெல், லோடிஷ், பால்டிமோர் மூவரும் 1986-ல் தொடங்கிய 'மாலிக்யூலர் செல் பயாலஜி'யைப் பார்க்கலாம்.

பணமில்லாதவர் மனம் தளர வேண்டாம். ஆல்பர்ட்ஸின் 2002-ம் வருஷப் பதிப்பை, அமெரிக்கத் தேசிய வைத்தியப் புஸ்தகசாலையின் இணையதளத்தில் இலவசமாகவே தேடிப் படிக்கலாம். பழைய பதிப்பானாலும் அஸ்திவாரம் பழுதாகிவிடவில்லை. புதிய செய்திகளை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும், காலேஜ்ப் புஸ்தகசாலையில் எடுத்து ஓர் அத்தியாயத்தை முழுதும் படியுங்கள். அதன் கடைசியிலுள்ள கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு பணப்பையைத் திறக்கலாம்.